லக்ஸம்பர்க் படிப்பு: ஃபீஸைப் பார்க்கும் முன் மொழியைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த மகளை லக்ஸம்பர்க்குக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபீஸ் குறைவு, எல்லாப் பாடமும் இங்கிலீஷில்தான் என்று தெரிந்தவர் சொன்னாராம். முதலாவது சரி. இரண்டாவதுதான் சிக்கல்.

அந்தச் சின்ன நாட்டின் சொந்த மொழி லக்ஸம்பர்கிஷ், ஆனால் பிள்ளைகள் பள்ளியில் பெரும்பாலும் ஜெர்மனில் எழுதப் படிக்கக் கற்பார்கள், மேல்வகுப்புக்குப் போனதும் பல பாடங்களைப் பிரெஞ்சில் படிப்பார்கள். நாட்டின் சட்டங்கள் பிரெஞ்சில்தான் எழுதப்படுகின்றன. 2003இல் தொடங்கிய லக்ஸம்பர்க் பல்கலைக்கழகமும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்ததுதான். அங்கே இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் இரண்டு மொழியில், சில மூன்று மொழியில் நடக்கின்றன. காலையில் ஒரு பாடம் இங்கிலீஷில் இருக்கும், மதியம் அடுத்தது பிரெஞ்சில் இருக்கும். பிரெஞ்சே தெரியாத பதினேழு வயதுப் பெண் அந்த மதிய வகுப்பில் என்ன செய்வாள்? போதாததற்கு, இளநிலை மாணவர்கள் ஒரு செமஸ்டரை வேறொரு நாட்டில் படித்தே ஆக வேண்டும். அந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: டிகிரியை இங்கேயே முடிக்கட்டும், முதுநிலைக்கு அங்கே போகட்டும். கம்ப்யூட்டர் போன்ற துறைகளில் முழுக்க இங்கிலீஷில் நடக்கும் முதுநிலைப் படிப்புகள் உண்டு. இடையில் கிடைக்கும் வருடங்களில் பிரெஞ்சு படிக்கட்டும். அதைக் கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் சென்னையிலேயே இருக்கிறது. வகுப்பு இங்கிலீஷில் நடந்தாலும் கடையில், டாக்டரிடம், வேலைக்கான நேர்காணலில் பிரெஞ்சு வந்து நிற்கும். படிப்பு முடிந்து வேலை தேட ஒன்பது மாத அனுமதி கிடைக்கும். அந்த நேரத்தில் மொழி கற்கத் தொடங்கினால் எதற்கும் ஆகாது.

இனி பணம். பெரும்பாலான படிப்புகளுக்கு ஒரு செமஸ்டருக்குச் சில நூறு யூரோதான் கட்டணம். 2020 மார்ச் முதல் பஸ், டிராம், ரயில் எல்லாம் நாடு முழுக்க இலவசம். மிச்சமாகும் அத்தனையையும் வீட்டு வாடகை விழுங்கிவிடும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியில் குடியிருந்துகொண்டு தினமும் லக்ஸம்பர்க்குக்கு வேலைக்கு வந்து போகிறார்கள் என்றால் வாடகை எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் முக்கிய வளாகமான பெல்வாலிலிருந்து பிரான்ஸ் எல்லை கூப்பிடு தூரம். ‘அங்கே ரூம் எடுத்தால் மலிவு’ என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். மகளுக்குக் கிடைக்கும் அனுமதி லக்ஸம்பர்க்கில் குடியிருக்கத்தான், பிரான்சில் குடியிருக்க அது செல்லாது. அட்மிஷன் வந்த அன்றே பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

(பெல்வால் பழைய இரும்பாலை வளாகம். இரும்பு உருக்கிய ஊதுலைகளில் இரண்டை இடிக்காமல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தாது கொட்டி வைத்த கட்டடம்தான் இப்போது நூலகம். அதைப் பார்க்கவாவது ஒருமுறை போகலாம்!)

விசாவில் வரிசை முக்கியம். இங்கிருந்தபடியே முதலில் தற்காலிகத் தங்கும் அனுமதி வாங்க வேண்டும், அது வந்த பிறகுதான் விசா. அங்கே இறங்கிய மூன்று நாளுக்குள் உள்ளூர் நகராட்சியில் பதிய வேண்டும். அனுமதி கையில் வரும் முன் டிக்கெட் போடாதீர்கள்.

மகள் எந்தப் படிப்பைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று எழுதவில்லையே? பெயரை அனுப்புங்கள். எந்தெந்தப் பாடம் எந்த மொழியில் என்று அவளையும் வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.