400 வெள்ளியில் ஹிப்ஹாப் பீட்: அந்தப் பண்டில் வேண்டாம், தம்பி

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தேசிய சேவையில் இருக்கிறேன். ஹிப்ஹாப் பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசை, செய்ய ஆசை. கையில் 400 வெள்ளியும் 8 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப்பும் இருக்கின்றன. ஒரு கடையில் கீபோர்டு, மைக், ஸ்பீக்கர், சுவரில் ஒட்டும் ஃபோம், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து 690 வெள்ளிக்குப் 'பிகினர் பண்டில்' தருகிறார்கள், தவணையில் கட்டலாமாம். சலுகை இன்றோடு முடிகிறது என்றதால் 50 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா? அப்பா கேட்கும் எம்.எஸ்.வி. பாட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி பீட்டில் போட்டால் சிக்கல் வருமா?"

வாங்க வேண்டாம் தம்பி. அந்த மூட்டையில் உங்களுக்கு இப்போது உதவக்கூடியது லேப்டாப்பில் செருகி வாசிக்கும் கீபோர்டு ஒன்றுதான். மைக் எதற்கு, நீங்கள் பாடப்போவதாகச் சொல்லவே இல்லையே? ஸ்பீக்கர் இன்னும் மோசம். வார இறுதியில் முகாமிலிருந்து வந்து, சாப்பிட்டு, ராத்திரி 11 மணிக்குத்தான் லேப்டாப்பைத் திறப்பீர்கள். அடுக்குமாடிக் கழக வீட்டில் அந்த நேரத்தில் 808 என்கிற அதிரும் பேஸ் ஒலியை ஸ்பீக்கரில் விட்டால் கீழ்வீட்டு ஆண்ட்டி கதவைத் தட்டாமல் இருப்பாரா? ஃபோம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று சொல்லியிருப்பார்களே, அது பச்சைப் பொய். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். பேஸ் சுவரையும் தரையையும் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருக்கும். 'சாஃப்ட்வேர் இலவசம்' என்பதும் அப்படித்தான். ஏபிள்டன் லைவ் லைட் போன்ற சின்னப் பதிப்புகளைப் பல கீபோர்டுகளோடு தயாரிப்பாளரே சும்மா கொடுக்கிறார், கடைக்காரர் அதில் தன் ஸ்டிக்கரை ஒட்டி விலையை ஏற்றுகிறார். தவணை என்ற ஒன்று வந்ததிலிருந்து இந்த வியாபாரம் இன்னும் கொழுத்துவிட்டது, ஏனென்றால் 12 மாதமாகப் பிரித்து மாதம் 57 வெள்ளிச் சொச்சம் என்றால் யாருக்கும் 690 கண்ணில் படுவதில்லை.

முதல் செலவு வயர் வைத்த ஹெட்ஃபோன். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் மாதிரி 100 வெள்ளிக்குள் கிடைப்பதே போதும். புளூடூத் வேண்டவே வேண்டாம், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி. நீங்கள் பேடைத் (கீபோர்டில் தாளம் தட்டும் ரப்பர் கட்டம்) தட்டிக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் காதுக்கு வரும், தாளம் பிடிக்கவே முடியாது.

அப்புறம் 25 கட்டையும் 8 பேடும் உள்ள ஆக்காய் எம்பிகே மினி கீபோர்டு. பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் நிறைய வரும், வாங்கிய வேகத்தில் அலுத்துப்போனவர்கள் விற்பது. எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்தால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். ஒவ்வொரு பேடையும் மெதுவாக ஒரு தட்டு, பலமாக ஒரு தட்டு. இரண்டுக்கும் ஒரே அளவு சத்தம் வந்தால் பேட் தேய்ந்திருக்கலாம். யுஎஸ்பி வயரை லேசாக ஆட்டும்போது இணைப்பு விட்டு விட்டு வந்தால் கும்பிடு போட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். "சாஃப்ட்வேர் கோடும் தருகிறேன்" என்பதற்காக 20 வெள்ளி கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள், முதலில் வாங்கியவர் பெரும்பாலும் அதைத் தன் பெயரில் பதிந்திருப்பார்.

சாஃப்ட்வேருக்கு இப்போது காசே தேவையில்லை. பேண்ட்லேப் நம் ஊர் நிறுவனம், பிரவுசரிலும் கைப்பேசியிலும் இலவசமாக ஓடும், முகாமில் படுக்கையில் கிடந்துகொண்டே டிரம் அடுக்கலாம். நண்பர்கள் எல்லாரும் எஃப்எல் ஸ்டூடியோ என்பார்கள். நல்லதுதான், ஆனால் அதன் இலவச டிரையலில் வேலையைச் சேமிக்கலாமே தவிர, காசு கட்டும்வரை மறுபடி திறக்க முடியாது. மூன்று வாரம் உழைத்ததை மூடிவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ரீப்பர் 60 நாள் முழுதாக ஓடும், பிடித்தால் 60 அமெரிக்க டாலர். தம்ப் டிரைவில் எல்லா பிளகின்னும் (கூடுதல் ஒலிகளுக்கான சாஃப்ட்வேர்) 30 வெள்ளி என்று திருட்டுப் பிரதியை டெலிகிராமில் விற்பவரிடம் போய்விடாதீர்கள், அதே லேப்டாப்பில்தான் உங்கள் வங்கிக் கணக்கையும் திறப்பீர்கள்.

ஆக, 200 வெள்ளிக்குள் முடிந்தது. மீதியை வைத்திருங்கள். 'புரொடியூசர் மாஸ்டர்கிளாஸ்' ஆசாமிகள் அதைத் தேடி வருவார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

முதல் பீட்டுக்கு வேகம் 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) வையுங்கள். நான்கு அடிச் சுற்றில் ஸ்னேர் (பளீரென்ற டிரம்) இரண்டாவது, நான்காவது அடியில், கிக் (கனமான டிரம்) முதலடியிலும் மூன்றாவதுக்குச் சற்று முன்னும், ஹைஹேட் (சிறு தாளத்தட்டு) சுற்றுக்கு எட்டு. இவ்வளவும் ஐந்து நிமிட வேலை, கேட்டால் பொம்மை அடிப்பதுபோல் விறைப்பாக இருக்கும். அதை மனிதன் அடித்ததாக மாற்றுவதில்தான் ஆறு மாதம் போகும். ஹைஹேட்டில் ஒன்றுவிட்டு ஒன்றின் பலத்தைக் குறையுங்கள், அடிகளை லேசாகத் தள்ளிப்போடும் ஸ்விங்கை 50லிருந்து 56, 58 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தலை தானாக ஆடும் இடத்தில் நிறுத்துங்கள். இதற்கு எந்தப் பண்டிலும் வேண்டாம்.

இனி எம்.எஸ்.வி. வீட்டில் பழகிப் பார்க்க எதையும் வெட்டுங்கள். அனுமதி இல்லாமல் வெளியிடாதீர்கள், இசைத்தளத்திலும் சரி, யூடியூபிலும் சரி. "6 வினாடிக்குக் கீழே என்றால் பரவாயில்லை" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள், அப்படி ஒரு விதியே கிடையாது. மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. மெட்டின் உரிமை இசையமைப்பாளர் மறைந்தபின் இந்தியாவில் 60 ஆண்டு, இங்கே 70 ஆண்டு. எம்.எஸ்.வி. மறைந்தது 2015-ல், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பழைய இந்திப் பாட்டைத் துண்டு போட்டு 2002-ல் அமெரிக்காவில் ஒரு ஹிட் வந்தது. அவர் வழக்குப் போட்டார், மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம், அவர் பெயரைப் போடாமல் அந்த சிடியை விற்கக்கூடாது என்று நிறுத்தியது. அதை வெளியிட்டது ஹிப்ஹாப் பெரும்புள்ளி டாக்டர் டிரேயின் லேபிள், அதற்கே அந்தக் கதி.

சரி, முறைப்படி அனுமதி வாங்கலாமே என்பீர்கள். யாரிடம்? இங்குள்ள இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கமான காம்பஸ் மெட்டைப் பொதுவில் ஒலிக்கவிடும் உரிமையைப் பார்த்துக்கொள்ளும், ஒலிப்பதிவை வெட்ட அனுமதி தராது. ஒலிப்பதிவு வைத்திருப்பவர் இந்தியாவில் ஒரு பெரிய நிறுவனம், 200 பேர் கேட்கப்போகும் பீட்டுக்கு உங்களுக்குப் பதில் போடவே மாட்டார். சட்டப்படி நடக்கச் சொல்கிறார்கள், அதற்கான கதவை மட்டும் காட்ட மாட்டார்கள். இது எனக்குப் பல வருட எரிச்சல்.

'ராயல்டி ஃப்ரீ' என்று விற்கும் ஒலித் தொகுப்புகள் விதிவிலக்கு, ஆனால் அதிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்காதீர்கள். தனித்தனி கிக், ஸ்னேர் ஒலிகளால் தொல்லை இல்லை. முழு மெலடி லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துண்டு) அப்படியே போட்டால், அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் தன் பாட்டை, ஒலியை அடையாளம் கண்டு உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் ஏற்கெனவே பதிந்திருக்கலாம், அப்போது உங்கள் பாட்டுக்கு அவர் பெயரில் கிளெய்ம் வரும். லைசென்ஸ் காட்டி மறுக்கலாம், நேரம் பிடிக்கும். நீங்களும் பொது லூப் போட்ட பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள், பாட்டை இசைத்தளங்களுக்கு அனுப்பும் விநியோகத் தளங்கள் பொதுவாக அதைத் தடுத்திருக்கின்றன. லூப்பை நறுக்கி, சுருதி மாற்றி, வேறாக்கிப் போடுங்கள். அதைவிட நல்லது, உறுமி மேளக் குழுவில் நண்பர் யாராவது இருந்தால் சம்மதம் கேட்டு ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகக் கைப்பேசியில் பதியுங்கள், ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ஏர்பிளேன் மோடில். அந்த ஒலி எந்தத் தொகுப்பிலும் கிடைக்காது.

முன்பணம்: மனம் மாறிவிட்டது என்பதற்காகக் கடை திருப்பித் தர வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆனால் அடுத்த வாரம் போய்ப் பார்த்து, 'இன்றோடு முடியும்' சலுகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் படம் பிடியுங்கள், அது நியாயமற்ற வியாபார முறை. அந்தப் படத்தோடு முதலில் மேலாளரிடம் கேளுங்கள், அடுத்து பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுங்கள். சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்தில் இந்த அளவு தொகைக்கு 10 வெள்ளிதான் கட்டணம், ஆன்லைனிலேயே பதியலாம். 50 வெள்ளிக்காக நீங்கள் லீவு போட்டு நிற்க வேண்டும் என்பது அந்தக் கடைக்கும் தெரியும். அப்படிப் போனால் போகட்டும், மிச்ச 640 வெள்ளிக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.