குவைத்துக்கு ‘ஃப்ரீ விசா’: தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பி ஒன்பதாவது வரை படித்தவன், ஏசி மெக்கானிக். குவைத்துக்கு ‘ஃப்ரீ விசா’ ஒன்றரை லட்சம் ரூபாய் என்கிறார் ஏஜென்ட். “அங்கே பாதிப் பேர் நம்ம ஆட்கள்தான், இறங்கிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்” என்கிறார். நம்பலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பணம் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் மிச்சத்தையாவது நிறுத்தி வையுங்கள்.

குவைத் சட்டத்தில் ஃப்ரீ விசா என்று எதுவும் கிடையாது. எந்த வேலை விசாவுக்கும் ஒரு கபில், அதாவது விசா எடுத்துக் கொடுத்துப் பொறுப்பேற்கும் முதலாளி, உண்டு. அவரிடம்தான் வேலை பார்க்க வேண்டும். தன் பெயரில் விசா எடுத்து விற்றுவிட்டு, “நீ எங்கேயாவது பிழைத்துக்கொள்” என்று கைகழுவும் கபிலின் விசாவுக்குத்தான் ஊரில் இந்தப் பெயர். அக்காமாவை, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்கும்போதெல்லாம் அவர் மறுபடி காசு கேட்பார். கொடுக்காவிட்டால் ‘ஆள் ஓடிவிட்டான்’ என்று புகார் கொடுத்துவிடுவார்.

‘பாதிப் பேர் நம்ம ஆட்கள்’ என்பது மிகை. குவைத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 50 லட்சம். இந்தியர்கள் சுமார் 10 லட்சம், அதாவது ஐந்தில் ஒருவர். ஆனால் குவைத்தியர்களே அங்கே சிறுபான்மை. மூன்றில் ஒரு பங்குகூடத் தேற மாட்டார்கள். கத்தாரிலும் அமீரகத்திலும் நிலைமை இன்னும் ஒரு படி மேல்: பத்துப் பேரில் சொந்த நாட்டவர் ஒருவர்தான். சவூதி கொஞ்சம் வேறு. 2022 கணக்கெடுப்பில் அங்கே சவூதிகள் 58 சதவீதம்.

இந்தக் கணக்கை வைத்து ஏஜென்ட் சொல்லும் முடிவுதான் தலைகீழ். வெளிநாட்டவர் இவ்வளவு பேர் இருப்பதால்தான் அரசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை எதிர்பார்க்க முடியாது. அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அப்பாவின் அக்காமாதான் ஆதாரம். 2020இல் குவைத் பிரதமரே, 70 சதவீதமாக இருக்கும் வெளிநாட்டவரை 30 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று பேசினார். அந்த அளவுக்கு இன்றுவரை குறையவில்லை; வீடு கட்டவும் ஏசி மாட்டவும் ஆள் வேண்டுமே! ஆனால் கெடுபிடி கூடியிருக்கிறது. அக்காமா இல்லாதவர்களுக்கு 2024 மார்ச் முதல் ஜூன் வரை பொதுமன்னிப்புக் கொடுத்தார்கள், அது முடிந்ததும் தேடுதல் வேட்டை. 2025 ஜூலையிலிருந்து, கம்பெனி விசாவில் இருப்பவர் ஊருக்கு வரவே முதலாளியின் ஒப்புதலோடு எக்ஸிட் பெர்மிட் வாங்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? விசா நகலை வாங்கி, எந்த நம்பர் விசா என்று பாருங்கள். 18 என்றால் கம்பெனி விசா, ‘ஷூன்’ என்பார்கள். 20 என்றால் ‘காதிம்’, வீட்டு வேலைக்கான விசா. ஃப்ரீ விசா என்று விற்பதில் நிறைய 20தான். அதை வைத்துக்கொண்டு வெளியே ஏசி வேலை பார்த்துப் பிடிபட்டால் நாடுகடத்தல்தான். ‘பிறகு 18க்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்பார் ஏஜென்ட். அந்தக் கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. 2024இல் ஜூலை முதல் செப்டம்பர் வரை இரண்டே மாதம் திறந்தார்கள், அதுவும் ஒரே கபிலிடம் ஒரு வருடமாவது முடித்தவர்களுக்கு மட்டும்.

தம்பி பத்தாவது முடிக்காததால் பாஸ்போர்ட் ஈசிஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையாக இருக்கும். அப்படியானால் வேலை ஒப்பந்தம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏறி, குடிபெயர்வு அனுமதி கிடைத்த பிறகுதான் விமானம் ஏற முடியும். விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்றால் அந்த அனுமதியைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். ஏஜென்டின் பதிவு எண்ணையும் அதே தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. ஒன்றரை லட்சத்தில் மிச்சம் எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள். அப்புறம், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் தம்பியின் பெயரைப் பதிந்து வையுங்கள். அங்கே வரிசை மெதுவாக நகரும், ஆனால் விசாவில் எந்த வேலை என்று இருக்கிறதோ அதே வேலைக்குத்தான் அனுப்புவார்கள்.