கரி பூசிய முகம், விலைபோன பெயர்

கே: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பாட்டுக்காரர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் வாழ்க்கையைச் சொல்லும் 'ஸ்வானி ரிவர்' (1939) படம் பார்த்தேன். பாட்டெல்லாம் தேன். ஆனால் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களாக ஆடுவதைச் சகிக்க முடியவில்லை. 'அந்தக் காலத்தில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை' என்கிறார் என் நண்பர். அந்தக் காட்சிகளை மட்டும் வெட்டிவிட்டால் என்ன?

ப: நண்பரிடம் 1848 என்று சொல்லிப் பாருங்கள். ஃபாஸ்டரின் 'ஓ! சுசன்னா' அச்சேறிய வருடம். அதே வருடம், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து 'நார்த் ஸ்டார்' பத்திரிகை நடத்திய ஃப்ரெடரிக் டக்ளஸ், இந்தக் கரிமுகக் கூத்தாடிகளை வெள்ளைச் சமூகத்தின் கசடு என்று வெளுத்து வாங்கினார். எங்கள் நிறத்தைத் திருடிக் காசு பார்க்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. படம் வருவதற்கு 91 வருடம் முன்னால்! யாருக்கும் தெரியவில்லையாம்.

வெட்டுவதா? வேண்டாம். கார்க்கை எரித்துக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு ஆடும் 'மின்ஸ்ட்ரல்' என்ற கூத்து மேடைதான் ஃபாஸ்டரின் சந்தை. அதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டுகள் யார் வாய்க்காக எழுதப்பட்டன என்பதே மறைந்துபோகும். மின்ஸ்ட்ரல் குழுத்தலைவர் இ. பி. கிறிஸ்டியாக நடிகர் அல் ஜால்சன் வருகிற காட்சிகள் அசிங்கம்தான். ஆனால் நடந்த அசிங்கம். (ஜால்சனும் சாதாரண ஆள் இல்லை. 1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' படத்திலும் அதே கரிதான்.)

நடக்காததைக் காட்டுகிற இடம் வேறு. ஃபாஸ்டர் இறந்ததும் கிறிஸ்டி உருகி உருகி 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாடுகிறார், பாருங்கள், அங்கே. ஃபாஸ்டர் இறந்தது 1864 ஜனவரி 13. கிறிஸ்டியோ 1862-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதுவும் எந்தப் பாட்டு! 1851-ல் நியூயார்க்கின் ஃபர்த், பாண்ட் கம்பெனி அதை வெளியிட்டபோது இயற்றியவர் என்று அச்சான பெயர் கிறிஸ்டி. இந்த மாதிரிப் பாட்டில் தன் பெயர் வந்தால் கௌரவக் குறைச்சல் என்று பயந்து, காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தவர் ஃபாஸ்டரேதான். ராயல்டியை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். பாட்டு ஊரெல்லாம் பரவியதும் மனசு மாறி, 1852 மே மாதம் பெயரைத் திருப்பித் தரும்படி கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்டி மறுத்துவிட்டார். பதிப்புரிமையைப் புதுப்பித்த 1879-ல்தான் ஃபாஸ்டரின் பெயர் அச்சில் ஏறியது. அப்போது அவர் இறந்து 15 வருடம்.

பாட்டு வரிகளைத் திருத்துவது வேறு வழக்கு. ஃபாஸ்டரின் 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்' அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கு மாநிலப் பாட்டு. எல்லாரும் எழுந்து நின்று பாட வேண்டும். அதனால் 1986-ல் அதிலிருந்த ஓர் இழிசொல்லைக் கென்டக்கி மாற்றியது, சரியான காரியம்.

படத்துக்குக் கத்தரி வேண்டாம். திரையிடுகிறவர்கள் முன்னால் ஓர் எச்சரிக்கை அட்டை போடட்டும். அதில் டக்ளஸ் சொன்னதும், அந்த 1852 கடிதமும் இருக்கட்டும்.