சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழில் வலைப்பூ எழுதுகிறேன். படிக்க ஆள் வரவில்லை. என்ன செய்யலாம்?

நீங்கள் விவரம் அதிகம் தரவில்லை. கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் எழுதுகிறீர்கள், பதிவு போட்ட கையோடு ஃபேஸ்புக்கிலும் நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களிலும் லிங்க் அனுப்புகிறீர்கள், கட்டைவிரலும் கைகூப்பலும் வருகின்றன, படிப்பவர் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். இதற்கு எல்லாரும் சொல்லும் பதில், "தொடர்ந்து நல்லா எழுதுங்க, ஆள் தானா வரும்." தானாக வராது. உங்கள் எழுத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அது உங்கள் பாடு. எழுதியது வாசகர் கைக்குப் போகும் வழியில் எங்கே அடைத்துக்கொள்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உள்ளூர்க் கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 5 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள், நிரந்தரவாசிகளில் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3. தலை எண்ணினால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். குழந்தைகளும் அதில் அடக்கம். வேலை அனுமதியில் இருக்கும் தமிழர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அவர்கள் தனிக் கூட்டம். ஆகவே சிங்கப்பூரை மட்டும் நம்பினால் உச்சவரம்பு சீக்கிரம் வந்துவிடும். சிங்கப்பூரைப் பற்றி எழுதுங்கள், ஆனால் திருச்சியில் இருப்பவர் தேடினாலும் கிடைக்கும்படி எழுதுங்கள்.

அடுத்து, பிளாகர் காட்டும் வருகை எண்ணை நம்பாதீர்கள். அதில் தானியங்கி நிரல்களின் வருகையும் கலந்திருக்கும். ஒரு நாள் திடீரென்று சிங்கப்பூரிலிருந்து ஆயிரம் பேர் வந்ததாகக் காட்டினால் பாயசம் வைக்க வேண்டாம். இங்கே டேட்டா சென்டர்கள் நிறைய. அங்கிருந்து ஓடும் நிரலும் 'சிங்கப்பூர்' என்றே பதிவாகும். கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் வலைப்பூவைச் சேர்த்து, சைட்மேப்பை (பதிவு முகவரிகளின் பட்டியலை) கொடுங்கள். காசில்லை. எந்தச் சொல்லைத் தேடி, எந்த நாட்டிலிருந்து, எத்தனை பேர் வந்தார்கள் என்பது அதில் 16 மாதம் வரை கிடைக்கும். அதற்கும் முன்னால், பிளாகர் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், தேடுபொறிகளுக்குத் தெரியலாம் என்ற பொத்தான் 'ஆன்' ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அதை அணைத்து வைத்துக்கொண்டு கூகுளைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இனி பதிவின் இணைய முகவரி. தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் பிளாகர் அதைப் படிக்காது. பதிவுக்கு 'பிளாக்-போஸ்ட்', அடுத்ததற்கு 'பிளாக்-போஸ்ட்_23' என்று எண்ணைக் கோத்து முகவரி கொடுத்துவிடும். இதனால் கூகுள் வரிசையில் பெரிய நட்டமில்லை. நட்டம் வேறு இடத்தில். குழுவில் லிங்க்கைப் பார்ப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, சர்ச் கன்சோலில் எது எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது. வெளியிடும் முன் வலப்பக்கப் பட்டியில் பெர்மாலிங்க்கை (பதிவின் நிலையான முகவரியை) திறந்து, கஸ்டம் என்பதைத் தேர்ந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் மூன்று நான்கு சொற்களை நடுக்கோடு போட்டு எழுதுங்கள். வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவை மீண்டும் டிராஃப்ட் (வரைவு) ஆக்க வேண்டும். பழைய முகவரி செத்துப்போகும் என்பதால், அமைப்புகளில் ரீடைரக்ட் பகுதியில் பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம் கொடுக்க வேண்டும். எல்லாப் பழைய பதிவுக்கும் இதைச் செய்துகொண்டிருக்காதீர்கள், தேடி வருபவர்கள் இருக்கும் பதிவுகளுக்கு மட்டும் போதும்.

பிளாகருக்குப் பதில் வேர்ட்பிரஸில் வலைப்பூ நடத்துபவர்களுக்கு இதன் மறுபக்கம். அது தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு 9 இடம் எடுக்கும். புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறியீடுகள். 'சிங்கப்பூர்' என்ற ஒரு சொல்லுக்கு 11 குறியீடு, அதாவது 99 இடம். முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடம். இரண்டு சொல்லில் நிறைந்து, மூன்றாவது சொல் பாதியில் அறுந்துவிடும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நான்கு வரிக்குக் குறியும் எண்ணுமாக நீளும். வைரஸ் என்று நினைத்து அழிப்பார்கள். இங்கேயும் ஆங்கில எழுத்து முகவரிதான் வழி.

'.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் இணையப் பெயர் 2011 முதல் இருக்கிறது. பெருமைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதையே முதன்மை முகவரியாக வைக்காதீர்கள்: சில இடங்களில் ஒட்டும்போது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறி நிற்கும். டாட் காம் அல்லது டாட் எஸ்ஜி வாங்கி, தமிழ்ப் பெயரை அதற்குத் திருப்பிவிடுங்கள். டாட் எஸ்ஜி வாங்கினால் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்) வழியாக அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். அதற்காக வரும் மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள்.

தலைப்புக்கு வருகிறேன். சிங்கப்பூரின் புவாங்கோக்கில் இருக்கும் கம்பத்தைப் (கிராமத்தைப்) பற்றி ஒருவர் எழுதி 'காலம் உறைந்த இடம்' என்று தலைப்பு வைத்தால், உலகத்தில் யாரும் அந்தச் சொற்களைப் போட்டு அந்தக் கம்பத்தைத் தேடப்போவதில்லை. 'லோரோங் புவாங்கோக் கம்பம்: சிங்கப்பூர்ப் பெருநிலத்தின் கடைசிக் கம்பம்' என்று வைத்தால் கிடைக்கும். கூகுள் தலைப்பை எழுத்தெண்ணி வெட்டுவதில்லை, அகலம் பார்த்து வெட்டுகிறது. தமிழ் எழுத்து அகலமானது, ஆகவே முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும். ஊர்ப்பெயரை நம்மவர்கள் பல விதமாக எழுதுவார்கள்: ஜூரோங், ஜுரோங், கேலாங், கெய்லாங். தலைப்பில் ஒன்றை வைத்து, மற்றதை உடலில் ஒருமுறை இயல்பாகப் போடுங்கள். ஆங்கில எழுத்துகளில் தட்டித் தேடுபவர் ஏராளம் என்பதால் இடப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒருமுறை வரட்டும். இதைச் சொன்னதும் "இலக்கியத்தை விளம்பரப் பலகையாக்குகிறாயா" என்று சண்டைக்கு வருவார்கள். கவிதைக்கும் கதைக்கும் இதைச் சொல்லவில்லை. தகவல் தரும் பதிவுகளுக்குச் சொல்கிறேன். அவற்றைத் தேடி வருபவர்தான் உங்கள் கதைப் பக்கத்தையும் திறப்பார்.

அவர் திறக்க வேண்டுமென்றால் அங்கே வழி இருக்க வேண்டும். பதிவு முடிந்த இடத்தில், கருத்துப்பெட்டிக்கு மேலே, தொடர்புடைய இரண்டு பதிவுகளை நீங்களே கையால் தேர்ந்து லிங்க் கொடுங்கள். தானாகப் பட்டியல் போடும் விட்ஜெட் தைப்பூசப் பதிவின் அடியில் மீன்தலைக் கறியைக் கொண்டுவந்து வைக்கும். சர்ச் கன்சோலில் மாதம் ஒருமுறை, பலர் கண்ணில் பட்டும் சிலரே சொடுக்கிய பதிவுகளைப் பாருங்கள். கூகுள் வரிசையில் சராசரி இடம் 8க்கும் 20க்கும் நடுவில் இருப்பவைதான் கைமேல் பலன் தரும். தலைப்பையும் முதல் பத்தியையும் திருத்தி, விட்டுப்போன தகவலைச் சேர்த்தால் பெரும்பாலும் மேலே ஏறும்.

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு ஒற்றைக் கையில் படிப்பவருக்காகப் பக்கத்தை அமையுங்கள். எழுத்து 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம், வரி இடைவெளி 1.7 அளவில் இருக்கட்டும். இருபுறமும் சமன் செய்யும் 'ஜஸ்டிஃபை' வேண்டவே வேண்டாம்: தமிழ்ச் சொற்கள் நீளம், சிறு திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், நடுவில் ஓட்டை விழும்.

வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் படமும் இரண்டு வரியும் வர வேண்டும். பிளாகர் பதிவின் முதல் படத்தை எடுத்துக்கொள்ளும். படமே இல்லையென்றால் மொட்டையாக நிற்கும். 1200க்கு 630 பிக்சல், 600 கேபிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் மெட்டா குறிச்சொற்கள் பகுதியில் தேடல் விளக்கத்தை இயக்கிவிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். முழுப் பதிவையும் குழுவில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் அடுத்த வாரம் 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு, உங்கள் பெயர் இல்லாமல், உங்கள் மாமாவிடமிருந்தே உங்களுக்குத் திரும்பி வரும். ஐந்து வரி, பிறகு லிங்க். மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கு அரை மணி நேரம் ஒதுக்கும் நம் ஆட்களுக்கு, ஒரு கட்டுரையை அனுப்பும்போது எழுதியவர் பெயரைச் சேர்க்க அரை நொடி இருப்பதில்லை. எழுதியவரைச் சபையில் கௌரவிக்கிறார்கள், எழுதியதைப் படிப்பதில்லை. இதைக் கேட்டால் நமக்குத்தான் கர்வம் என்பார்கள், சரி விடுங்கள். வேறு வலைப்பூவில் உங்கள் பதிவு அப்படியே கிடந்தால் கூகுளின் பதிப்புரிமைப் படிவத்தில் இரண்டு முகவரியையும் கொடுத்துப் புகார் செய்யலாம்.

நேரம்: இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 10.30 என்றால் சென்னையில் 8 மணி; இரு ஊரும் கைப்பேசியோடு இருக்கும் வேளை. நேரம் குறித்து வெளியிடுவதானால் பிளாகரின் நேர மண்டலம் சிங்கப்பூருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பதிவு நடுப்பகலில் வந்து விழும்.

ஒருமுறை வந்தவரைத் திரும்ப வரவைக்க ஃபேஸ்புக்கை நம்ப முடியாது, வெளி லிங்க் அங்கே அமுங்கிப்போகிறது. வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். 2023இல் அந்த வசதி முதலில் வந்த இரண்டு நாடுகளில் சிங்கப்பூர் ஒன்று. சேருபவரின் கைப்பேசி எண் மற்ற வாசகர்களுக்குத் தெரியாது, எனவே பெண்கள் தயங்காமல் சேருவார்கள். பதிவு வரும் நாளில் மட்டும் செய்தி போடுங்கள், காலை வணக்கப் படம் போட்டால் அணைத்துவிடுவார்கள். மின்னஞ்சலில் படிக்க விரும்புபவர்களுக்கு ஏதாவது ஒரு செய்திமடல் சேவை போதும். ஆனால் நிகழ்ச்சிகளில் வாங்கிய முகவரிகளைக் கேட்காமல் அதில் ஏற்றாதீர்கள். உங்கள் வலைப்பூவின் வார்ப்புரு (டெம்ப்ளேட்) பழையது என்றால் ஓரத்தில் 'மின்னஞ்சலில் பெற' என்று கூகுளின் ஃபீட்பர்னர் பெட்டி ஒன்று இன்னும் இருக்கலாம். அந்த மின்னஞ்சல் சேவையை 2021 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் முகவரி கொடுத்தவருக்கு எதுவும் போய்ச் சேராது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.