ஆடும் கப்பலில் அடுப்பு: வாசகர் கேள்வி பதில்

*கப்பலின் சமையலறையைக் கப்பல்காரர்கள் ‘கேலி’ என்பார்கள். கிண்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் குறுகிய இடத்துக்கான மின்சார அடுப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.*

ஓட்டல்களுக்குச் சமையல் சாதனம் செய்து கொடுக்கிறோம். சரக்குக் கப்பலுக்கு நான்கு சூட்டுத் தட்டும் கீழே ஓவனும் உள்ள அடுப்பு கேட்கிறார்கள். எங்கள் ஓட்டல் மாடலிலேயே சுற்றிலும் கம்பி கட்டிக் கொடுத்தால் போதாதா? (கோவை வாசகர்)

போதாது. கம்பியைப் பிறகு பார்க்கலாம், முதலில் கரண்ட். உங்கள் பட்டறைக்கு வருவது 415 வோல்ட், மூன்று ஃபேஸ், கூடவே ஒரு நியூட்ரல். பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ். நியூட்ரல் கிடையாது. கப்பலின் உடம்போடும் மின்சுற்றைச் சேர்ப்பதில்லை.

ஓட்டல் மாடலில் 230 வோல்ட் எலிமென்ட்டுகளை (தட்டைச் சூடாக்கும் உறுப்புகளை) ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மாட்டியிருப்பீர்கள். கப்பலில் நியூட்ரல் இல்லையே என்று மூன்றின் மறுமுனைகளையும் ஒன்றாகக் கட்டி விடுகிறீர்கள் என்று வையுங்கள். மூன்றும் ஒரே அளவாய், ஒரே நேரத்தில் எரிந்தால் ஓடும். சமையலில் அப்படி எப்போது எரிந்தது? ஒரு தட்டு 3.5 கிலோவாட், இன்னொன்று 1.5 கிலோவாட், மூன்றாவதை அணைத்துவிட்டார் குக். இப்போது மிச்சமுள்ள இரண்டும் தொடராகி 440 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெரியதன் மின்தடை சுமார் 15 ஓம், சிறியதன் தடை 35 ஓம். தடை அதிகமுள்ள சின்னத் தட்டுக்கு 308 வோல்ட் போய்ச் சேரும். 1500 வாட்டுக்குச் செய்தது கிட்டத்தட்ட 2700 வாட்டில் எரியும், சில நாளில் கருகும். பெரிய தட்டோ 132 வோல்ட்டில் வெதுவெதுப்போடு நிற்கும். “ஒன்று சூடாகவே மாட்டேன் என்கிறது, ஒன்று எரிந்தே போகிறது” என்று புகார் வந்தால் காரணம் இதுதான்.

ஆகவே ஒவ்வொரு எலிமென்ட்டையும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே, 440 வோல்ட்டுக்கென்றே செய்து வாங்குங்கள். இருப்பில் கிடக்கிறது என்று 415 வோல்ட் சரக்கைப் போட்டால் வாட்ஸ் 12 சதவீதம் கூடும். 380 வோல்ட் இறக்குமதிச் சரக்கென்றால் 34 சதவீதம். வாட்ஸ் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை மறக்க வேண்டாம். சில கப்பல்களில் கேலிக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 220 வோல்ட் மூன்று ஃபேஸ் கொடுத்திருப்பார்கள். கப்பலின் மின் வரைபடத்தைக் கேட்டு வாங்காமல் ஆர்டரை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுவிட்சுகள் இரண்டு மின்கம்பியையும் துண்டிப்பவையாக இருக்க வேண்டும். இரண்டிலும் உயிர் ஓடுகிறது. ஒன்றை மட்டும் வெட்டினால் குமிழ் ‘ஆஃப்’ காட்டும், தட்டின் அடியில் கை வைத்தவர் ஷாக் வாங்குவார். எலிமென்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் எல்லாம் ஒன்றுதான். ஆனால் கான்டாக்டர் (காந்த சுவிட்ச்) காயில், ஓவன் விசிறி மோட்டார் ஆகியவற்றுக்கு வித்தியாசம் உண்டு. அவற்றை 60-க்கே கேளுங்கள்.

உள்கம்பி சிலிக்கான் உறையோ கண்ணாடி நூல் உறையோ போட்டதாக இருக்கட்டும். முனைகளில் வளைய லக் (திருகு நுழையும் உலோக வளையம்), ஸ்பிரிங் வாஷர். எஞ்சின் அதிர்வு ராப்பகலாய் இருப்பதால் கரையில் பத்து வருஷம் தாங்கும் திருகு அங்கே சீக்கிரமே தளரும். தளர்ந்த இடம் சுடும், சுட்ட இடம் கருகும்.

ஓவன் கதவுக்குப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு பட்டறையில் மிச்சம் இருந்தால் தொடாதீர்கள். 2011 ஜனவரி 1 முதல் எந்தக் கப்பலிலும் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்தக் கூடாது என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. கண்ணாடி இழைக் கயிறு போடுங்கள்.

கப்பலில் எர்த் ஃபால்ட் (கப்பலின் உடம்புக்கு மின்கசிவு) அலாரம் அடித்தால் எலக்ட்ரிகல் ஆபீசர் நேராகக் கேலிக்கு ஓடுகிறார். அடுப்புக்கும் எஞ்சின் அறை அலாரத்துக்கும் என்ன தொடர்பு? (தூத்துக்குடி, கேட்டரிங் மாணவர்)

அவர் ஓடுவது சரியான திசையில்தான். வெப்பத்தைத் தாங்கத்தான் அடுப்பையே செய்திருக்கிறார்கள். அதைக் கெடுப்பது தண்ணீர்.

எலிமென்ட்டின் உள்ளே ஒரு சுருள் கம்பி, வெளியே உலோகக் குழாய், நடுவில் இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு பொடி. காய்ந்த பொடி நல்ல காப்பு. அதுவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. குழாயின் முனையில் உள்ள அடைப்பு சற்று விரிசல் விட்டால் போதும், கடல் காற்றின் ஈரமே உள்ளே இறங்கும். நான்கு நாள் எரிக்காமல் விட்ட தட்டு, துறைமுகத்தில் மாட்டக் காத்திருக்கும் உதிரி எலிமென்ட் எல்லாமே இப்படி நனையும். போதாததற்கு ராத்திரி வேலை முடிந்ததும் ஓஸ் பைப்பை எடுத்துத் தரையோடு அடுப்பையும் சேர்த்துக் கழுவிவிடுவார்கள்.

மின்சுற்றைக் கப்பலின் உடம்போடு சேர்க்காத அமைப்பு என்பதால் ஒரு கசிவுக்கு எதுவும் டிரிப் ஆகாது. அலாரம் மட்டும் அடிக்கும், அடுப்பும் எரிந்துகொண்டே இருக்கும். “ஓடுகிறதே, அப்புறம் பார்க்கலாம்” என்று தோன்றுவது இதனால்தான். ஆனால் வேறொரு ஃபேஸில் வேறெங்காவது இரண்டாவது கசிவு வந்த நொடி, கப்பலின் உடம்பு வழியாகவே ஷார்ட் சர்க்யூட்.

கண்டுபிடிக்கும் முறை: அடுப்பின் மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, யாரும் போட்டுவிடாதபடி பூட்டிவிட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவியில்) பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுவது கசிகிற தட்டு. உடனே தூக்கி எறிய வேண்டாம். பல நேரம் ஈரம் மட்டுமே. கழற்றி மிதமான சூட்டு ஓவனில் சில மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் முனையடைப்பைச் சரி செய்து மாட்டலாம். ஏறவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். சூடாக இருக்கும்போது அளந்த அளவை நம்பாதீர்கள்.

வடிவமைப்பவர் செய்யக்கூடியதும் நிறைய. மின் இணைப்புப் பெட்டி ஐ.பி. 44 என்ற நீர்த்தெறிப்புக் காப்புத் தரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கேபிள் அடியிலிருந்து மேல்நோக்கி நுழையட்டும், மேலிருந்து இறங்கினால் தண்ணீருக்கு அதுவே வழிகாட்டி. மேற்பரப்பு தட்டைச் சுற்றி ஒரே தகடாக, விளிம்பு மடித்து, பொங்கியது வழிந்து வெளியே இழுக்கும் ட்ரேயில் விழும்படி இருக்க வேண்டும். தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவேயுள்ள இடுக்கில் இறங்கும் உப்புப் போட்ட சாம்பார், வெறும் தண்ணீரைவிட மோசம்.

தட்டைச் சுற்றியுள்ள கம்பி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? பானையை எதுவரை நிரப்பலாம்? (ராமநாதபுரம் வாசகர்)

கப்பல் ஆடும்போது பானை கவிழும் என்று நினைக்கிறோம். உண்மையில் கவிழ்வதற்கு வெகு முன்பே வழுக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள வார்ப்பிரும்புத் தட்டில் எவர்சில்வர் பானை ஏழெட்டு டிகிரி சாய்விலேயே நகரத் தொடங்கிவிடும். நகர்ந்த வேகத்தில் போய்க் கம்பியில் மோதும்போதுதான் ஆபத்து. தாழ்வான ஒற்றைக் கம்பி பானையைத் தடுக்காது, தடுக்கிவிடும். உள்ளே 24 செ.மீ. குழம்பு இருந்தால் எடையின் மையம் ஏறக்குறைய 12 செ.மீ. உயரத்தில். கம்பியும் அந்த உயரத்தையாவது எட்ட வேண்டும்.

வெளிவேலி மட்டும் போதாது. குறுக்குக் கம்பிகளை நகர்த்தி மாட்ட முடிந்தால் ஒவ்வொரு பானைக்கும் தனி அறை கிடைக்கும். பானைக்கும் கம்பிக்கும் இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், ஓட இடம் இல்லாவிட்டால் வேகமும் வராது. திருகாணி போட்டு இறுக்கும் கம்பியை யாரும் மாட்டுவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். பள்ளத்தில் போட்டால் உட்காரும் மாதிரி, கையுறையோடு ஒரே கையால் எடுக்கும் மாதிரி செய்தால்தான் அது வேலை செய்யும்.

இனி நிரப்பும் அளவு. 36 செ.மீ. விட்டமுள்ள பானை 10 டிகிரி சாய்ந்தால் ஒரு பக்கம் 3.2 செ.மீ. ஏறும். 15 டிகிரிக்கு 4.8 செ.மீ. முக்கிய இயந்திரங்கள் தாங்க வேண்டும் என்று வகைப்பாட்டுச் சங்கங்கள் (கப்பல்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் அமைப்புகள்) வைத்திருக்கும் ஆட்டம் 22.5 டிகிரி. அந்தக் கணக்குக்கு 7.5 செ.மீ. இது பானை அசையாமல் நிற்கும்போது. தளும்பலையும் கொதியையும் சேர்த்தால் மோசமான கடலில் அரைப் பானைக்கு மேல் வேண்டாம். ஒரே அகலப் பானைக்குப் பதில் இரண்டு ஒடுக்கமான பானை வைத்தால் ஏற்றம் குறையும். ஆனால் மிக ஒடுங்கிய, உயரமான பானை சீக்கிரம் கவிழும்.

கேலி மிகக் குறுகலானது. அடுப்பை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? எத்தனை கிலோவாட் தேவை? (சென்னை, கடல்சார் பொறியியல் மாணவி)

ஓவன் கதவு கப்பலின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ பார்க்கட்டும். கப்பல் அதிகம் ஆடுவது இடவலமாக. கதவு அந்தத் திசையைப் பார்த்தால், திறந்த நேரத்தில் கொதிக்கும் ட்ரே குக்கின் மடியை நோக்கி வரும். முன்பின்னாக வைத்தால் பானைகளும் குக் மீது வராமல் பக்கவாட்டில்தான் நகரும், அதைக் குறுக்குக் கம்பி பார்த்துக்கொள்ளும்.

நடைபாதையைக் கதவு திறந்த நிலையில் அளக்க வேண்டும். கீழ்நோக்கித் திறக்கும் கதவு 45 செ.மீ. நீட்டிக்கொண்டால், எதிரே ஆள் குனிந்து நிற்க இன்னும் 60. ஆக 105 செ.மீ. அது இல்லாத இடத்தில் பக்கவாட்டுக் கீல் வைத்த கதவு வரும். அதற்கு மூடியபோது மட்டுமல்ல, திறந்தபோதும் பிடித்து நிறுத்தும் கொக்கி கட்டாயம், இல்லாவிட்டால் கதவே முழங்காலை உடைக்கும். அப்புறம், அடுப்பு கேலி வாசலில் நுழையுமா என்று வரைபடத்தில் அல்ல, வாசலில் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு துண்டாக வந்து உள்ளே சேர்த்துப் போல்ட் போடும் வடிவம் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

சுமைக் கணக்கு: 10 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க சுமார் 3140 கிலோஜூல் தேவை. 3.5 கிலோவாட் தட்டிலிருந்து 60 சதவீதம் பானைக்குப் போகிறது என்று வைத்தால் 25 நிமிடம். அதற்கு முன் தட்டே சூடேற வேண்டும். 30 செ.மீ. சதுரம், 2 செ.மீ. கனமுள்ள வார்ப்பிரும்பு 13 கிலோ வரும், 300 டிகிரி எட்ட எட்டு நிமிடம். அடி குழிந்தோ புடைத்தோ உள்ள பானை என்றால் இந்தக் கணக்கெல்லாம் பொய். இருபது, இருபத்தைந்து பேருக்கு இப்படி நான்கு தட்டும் 5 கிலோவாட் ஓவனும் வைத்தால் மொத்தம் 19 கிலோவாட். 440 வோல்ட்டில் 25 ஆம்பியர், 220 வோல்ட் மூன்று ஃபேஸில் 50 ஆம்பியர்.

குமிழ்களைப் பின்சுவரில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. கொதிக்கும் பானைக்கு மேலே கையை நீட்ட வைக்கும் யோசனை அது. முன்பக்கமே, கைப்பிடிக் கம்பிக்கு உள்ளடங்கி, மேலே நீர் சொட்டாத உதட்டோடு வைப்பதே எங்கள் கட்சி.

துறைமுகத்துக்குள் நுழையும் நேரத்தில் அடுப்பு தானாக அணைந்துவிடுகிறது. பழுதா? (கொழும்பு வாசகர்)

பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஜெனரேட்டருக்குச் சுமை மிஞ்சினால் அவசியமில்லாதவற்றை முதலில் கழற்றிவிடும் ஏற்பாடு கப்பலில் உண்டு. ஏ.சி.யோடு கேலியும் அந்தப் பட்டியலில் இருக்கும். வின்ச்சும் (கயிறு இழுக்கும் இயந்திரம்) த்ரஸ்டரும் (கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி) ஓடும் நேரத்தில் சோற்றை வைக்காதீர்கள். கரண்ட் போனதும் எல்லாக் குமிழையும் அணைத்துவிடுவது நல்லது, மறுபடி வரும்போது வெறும் தட்டு எரியாது.

இண்டக்ஷன் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவுமில்லையே? (பெயர் இல்லாத கடிதம்)

வெப்பம் குறைவு, தட்டு ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். குறுகிய கேலியில் அது பெரிய வரம். ஆனால் பானை நகர்ந்தால் அடுப்பு நின்றுவிடும், கண்ணாடியில் வழுக்கல் அதிகம், காந்தம் ஒட்டாத அலுமினியப் பாத்திரங்கள் எல்லாம் வீண். குளிர்விக்கும் விசிறி எண்ணெய்ப் புகையை உள்ளே இழுத்து மின்னணு அட்டையில் படியவிடும், வடிகட்டியை வாராவாரம் கழுவாவிட்டால் ஆயுள் குறைவு. நடுக்கடலில் ஒரு எலிமென்ட்டை மாற்றலாம், எரிந்துபோன அட்டையை என்ன செய்வது? நான்கில் இரண்டு இண்டக்ஷன், இரண்டு இரும்புத் தட்டு என்று கலந்து வைப்பது புத்திசாலித்தனம்.

பஜ்ஜி, அப்பளம் பொரிக்கத் தட்டின் மேல் வாணலி வைக்கலாமா? தோசைக்குத் தட்டையே கல்லாகப் பயன்படுத்தலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

இரண்டும் வேண்டாம். வளைந்த அடியுள்ள வாணலி தட்டையான தட்டில் உட்காராது. வாணலியில் எண்ணெய் மிஞ்சிச் சூடாவதைத் தடுக்க எதுவுமில்லை. அதனால்தான் எண்ணெய் நிரப்பிப் பொரிக்கும் சாதனத்துக்கு சோலாஸ் தனியாக விதி வைத்திருக்கிறது: சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், அது கைவிட்டால் இன்னொன்று, எது பழுதானாலும் அலாரம், தனித் தீயணைப்பு ஏற்பாடு, அது இயங்கியதும் கரண்ட் தானாகத் துண்டிப்பு. பொரிப்பது அந்தச் சாதனத்தில் நடக்கட்டும், அதுவும் கடல் அமைதியான நாளில்.

தோசைக்கு அடி தட்டையான கனத்த கல்லைத் தட்டின் மேல் வையுங்கள். தட்டிலேயே ஊற்றினால் எண்ணெய் இடுக்கில் இறங்கிப் புகையும். அதைவிட, கல்லின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் தெளிக்கும் நம் பழக்கம் அங்கே ஆகாது. 300 டிகிரியில் இருக்கும் வார்ப்பிரும்புத் தட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், விரிசல் வழியே ஈரம் எலிமென்ட்டுக்குப் போகும், மறுநாள் காலை எலக்ட்ரிகல் ஆபீசர் மெக்கரோடு வந்து நிற்பார்.