கேஸ் பர்னரும் நாக்ஸும்: கேள்வி பதில்

தொழிற்சாலை பாய்லர்களுக்கு கேஸ் பர்னர் வடிவமைப்பது என் வேலை. நைட்ரஜன் ஆக்சைடுகளை, அதாவது நாக்ஸை, குறைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

சார், எங்கள் பாய்லரில் ஓடுவது இயற்கை எரிவாயு. சுத்தமான எரிபொருள் என்கிறார்கள். அப்புறம் நாக்ஸ் எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருந்து. நாம் உள்ளே தள்ளும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சும்மா இருக்கும்வரை அது எதனோடும் சேராது. சுடரின் வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆக்சிஜனோடு வேகமாகச் சேரத் தொடங்கும். அதற்கு மேல் ஏற ஏறப் பல மடங்காகப் பெருகும். சோவியத் விஞ்ஞானி செல்டோவிச் 1946-இல் விளக்கிய வழி இது. இங்கே சராசரி வெப்பத்தைப் பார்த்துப் பயனில்லை. சுடருக்குள் கையகல இடம் மட்டும் அளவுக்கு மீறிக் கொதித்தாலே மொத்தக் கணக்கும் கெட்டுவிடும்.

சுடர் குட்டையாக, நீலமாக, விறைப்பாக நின்றால்தான் நல்ல பர்னர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். புதிதாக மாட்டிய லோ-நாக்ஸ் பர்னரில் சுடர் நீளமாக நிற்கிறதே அண்ணா, கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. குட்டைச் சுடரில் கேஸும் காற்றும் ஒரே இடத்தில் முழுசாகக் கலந்து எரிகின்றன; வெப்பமும் அங்கேயே குவிகிறது. நாங்கள் அதைப் பிரிக்கிறோம். கேஸில் ஒரு பகுதி முதலில் நிறையக் காற்றோடு எரியும். காற்று மிகுதி என்பதால் வெப்பம் உச்சத்துக்குப் போகாது. மீதி கேஸ் சுற்றியுள்ள நாசில்களில் (கேஸ் பாயும் துளைமுனைகளில்) இருந்து வேகமாகப் பாய்ந்து, ஃபர்னஸுக்குள், அதாவது எரியும் அறைக்குள், ஏற்கெனவே எரிந்து சற்றே ஆறிய வாயுவையும் இழுத்துக்கொண்டு போய்க் கலக்கும். காற்றைப் பிரித்துக் கொடுக்கும் முறையும் உண்டு. எரிவாயுவுக்கு நான் கேஸைப் பிரிப்பதையே விரும்புவேன். காற்று குறைந்த இடத்தில் நாக்ஸ் இன்னொரு வழியிலும் பிறக்கும் என்று ஃபெனிமோர் என்ற விஞ்ஞானி 1971-இல் காட்டினார்.

ஆனால் பார்வைத் துளை வழியாகச் சுடரின் நுனியைக் கட்டாயம் பாருங்கள். நான் போன ஒரு ஆலையில் ஃபர்னஸின் நீளத்தை அளக்காமலே பர்னரை மாற்றியிருந்தார்கள். நுனி பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாக்ஸ் குறைந்திருந்தது, கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தது. அது விஷவாயு. ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டினால் அதை வடிவமைப்பு என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

சிம்னி வாயுவைக் கொஞ்சம் திருப்பிக் காற்றோடு கலக்கிறோம். அந்த வழியில் உள்ள டேம்பரை (அளவைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை) மேலும் திறந்தால் பாய்லர் 'கும்' என்று அதிர்கிறது. ஏன்?

திருப்பி விடும் வாயு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், ஆக்சிஜனையும் நீர்க்கச் செய்யும். அதனால்தான் நாக்ஸ் இறங்குகிறது. அளவு மீறினால் சுடர் பர்னரில் ஒட்டி நிற்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்த அடிதான் உங்களுக்குக் கேட்பது. அதிர்வு நிற்கும்வரை டேம்பரை மூடுங்கள். குறைந்த லோடில் தனி அளவு வையுங்கள். முழு லோடின் அளவு அங்கே ஒத்துவராது.

ஹைட்ரஜன் கலந்தால் நாக்ஸ் இருக்காதுதானே? (கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி. கார்பன் குறையும், நாக்ஸ் போகாது. ஹைட்ரஜன் சுடர் மீத்தேனைவிடச் சூடானது. பல மடங்கு வேகமாகப் பரவுவதால் சுடர் பர்னருக்குள்ளேயே பின்வாங்கும் ஆபத்தும் உண்டு. நாசிலை முதலிலிருந்து வரைய வேண்டும்.

எங்கள் நாக்ஸ் ரீடிங் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு), பக்கத்து ஆலையில் 45. நாங்கள் பரவாயில்லைதானே?

சிம்னி வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று சொல்லவில்லையே. காற்றை அதிகம் விட்டால் எண் நீர்த்துக் குறைவாகத் தெரியும். எரிவாயு பாய்லருக்கு வழக்கமாக 3 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றித்தான் ஒப்பிடுவார்கள். தெற்கு கலிபோர்னியாவில் தொழிற்சாலை பாய்லர்கள் பலவற்றுக்கு 9 பிபிஎம் என்று விதித்ததும் அந்தக் கணக்கில்தான். உங்கள் ஆக்சிஜன் 6 சதவீதம் என்றால், காற்றில் உள்ள ஆக்சிஜன் 20.9 சதவீதம்; அதில் 3 போக 17.9, 6 போக 14.9. 40-ஐ 17.9-ஆல் பெருக்கி 14.9-ஆல் வகுத்தால் 48. பக்கத்து ஆலையின் 45 ஏற்கெனவே 3 சதவீதத்தில் எடுத்தது என்றால் அவர்கள்தான் மேல். அடுத்த முறை இரண்டு எண்களையும் சேர்த்து அனுப்புங்கள், லோடு எவ்வளவு என்பதையும்.