சைக்கிள் கேள்வி-பதில்: ஏற்காடு ஏற எந்தப் பல்லை மாற்றலாம்?

கேள்வி: அண்ணா, என்னிடம் ஒரு பழைய 21 கியர் மவுண்டன் பைக் இருக்கிறது. 26 இன்ச் சக்கரம். முன்னால் 48-38-28, பின்னால் 14 முதல் 28 பல் வரை. எனக்கு 46 வயது. அடிவாரத்திலிருந்து இறங்காமல் ஏற்காடு ஏறிவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் இறங்கித் தள்ளும்படி ஆகிவிடுகிறது. கடையில் கேட்டால், "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, 27 கியர் வண்டியா வாங்கிடுங்க" என்கிறார்கள். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறுக்குள் ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முடியும் தம்பி. வண்டியை விற்க வேண்டாம். கியரின் எண்ணிக்கையைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். மலை ஏறும்போது உங்களுக்கு உதவப்போவது ஒரே ஒரு கியர்தான்: முன்னால் இருப்பதிலேயே சின்னப் பல், பின்னால் இருப்பதிலேயே பெரிய பல். உங்கள் வண்டியில் அது 28-க்கு 28. அதாவது மிதியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, ஏறக்குறைய 2.05 மீட்டர் போகும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் 1,200 மீட்டருக்கு மேல். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். செங்குத்தான இடத்தில் உங்கள் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு இறங்கினால், நிமிடத்துக்கு 40 சுற்றுதான் மிதிக்க முடியும். அந்த மெதுவான, கனமான மிதியில்தான் முட்டி வலி வருகிறது, மூச்சும் வாங்குகிறது. காலில் பலம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது, பின்னால் உள்ள 14-28 ஃப்ரீவீலை, அதாவது பின்சக்கரத்தில் திருகியிருக்கும் பல் சக்கர அடுக்கை, கழற்றிவிட்டு 14-34 போடுவது. ஷிமானோ இதை மெகாரேஞ்ச் என்ற பெயரில் விற்கிறது. இதுவும் ஏழு பல் சக்கரம்தான், பல் சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அதேதான், அதனால் கைப்பிடியில் இருக்கும், கியர் மாற்றும் ஷிஃப்டரை மாற்ற வேண்டியதில்லை. விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். இப்போது ஒரு மிதிக்கு 1.69 மீட்டர்தான் போகும். அதே 5 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 49 சுற்று கிடைக்கும். இதில் பற்கள் 14, 16, 18, 20, 22, 24 என்று சீராக ஏறி, கடைசியில் ஒரே தாவாக 34-க்குப் போகும். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு அந்தத் தாவல் பிடிக்காது. மலை ஏறுகிறவருக்கு அதுவே சௌகரியம்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். முதலில், உங்கள் பின்சக்கரத்தில் இருப்பது திருகி ஏற்றும் ஃப்ரீவீலா, நழுவி ஏறும் கேசட்டா? பின்சக்கரத்தைக் கழற்றி, பல் சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில், கழற்றும் கருவி மாட்டுகிற பள்ளங்கள் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அப்படியானால் இந்தச் சாமான் பொருந்தாது, 11-34 கேசட் கேளுங்கள். பழைய 21 கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும்.

அடுத்து டிரெய்லியர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் அந்தக் கை. விலை குறைந்த பழைய டிரெய்லியர்கள் பல 28 பல்லுக்கு மேல் தாங்காது. 34 போட்டால் டிரெய்லியரின் மேல் குட்டிச் சக்கரம் பெரிய பல்லில் உரசும். டிரெய்லியரின் பின்பக்கம் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு 34 வரை போகுமா என்று விசாரியுங்கள். போகாது என்றால் நீளக் கை உள்ள ஷிமானோ டூர்னி டிஒய்300 போதும், அதற்கு மேல் பார்க்க வேண்டாம். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் தூசி படிந்து கிடக்கும் வண்டியிலிருந்து கழற்றிப் போடலாம் என்று நிறையப் பேர் யோசிப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் சிறுவர் சைக்கிளிலிருந்து எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் குட்டைக் கைதான் இருக்கும்.

கழற்றுவது கொஞ்சம் பாடு. ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை இன்னும் இறுக்கத்தான் செய்திருக்கிறது, அத்தனை வருடமும். சுத்தியலால் தட்டவே கூடாது. பள்ளத்தில் பொருந்தும் கருவியை மாட்டி, அது நழுவாமல் இருக்க அச்சின் நட்டை லேசாகப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். கருவியை வைஸில், அதாவது பட்டறை மேசையில் இருக்கும் இரும்புப் பிடியில், கடிக்க வைத்து, சக்கரத்தையே இரண்டு கையாலும் பிடித்து, பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புவது போல இடப்புறமாகத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். உடனே நிறுத்தி நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அச்சு மரை போய்விடும். வைஸ் இல்லாதவர்கள் பக்கத்தில் உள்ள லேத் பட்டறைக்குச் சக்கரத்தை எடுத்துப் போனால் ஒரு நிமிட வேலை. புதியதைப் போடும்போது மரையில் நிறைய கிரீஸ் தடவி, கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏறுவது போல் தெரிந்தால் பின்னால் எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். அலுமினிய மரை ஒரு முறை கெட்டால் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், போச்சு.

புது ஃப்ரீவீலோடு புது செயினும் கட்டாயம். பழைய செயின் பெரிய பல்லுக்கு நீளம் போதாது, தேய்ந்தும் இருக்கும். நீளம் பார்க்க, செயினை டிரெய்லியர் வழியாக விடாமல், முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு முனையும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு இன்ச் கூட விட்டு வெட்டுங்கள். அப்புறம் டிரெய்லியர் பின்னால் உள்ள பி-திருகை உள்ளே திருகி, மேல் குட்டிச் சக்கரத்துக்கும் 34 பல்லுக்கும் நடுவே ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். செயின் பெரிய பல்லைத் தாண்டாமல் தடுக்கும், எல் என்று போட்டிருக்கும் திருகையும் சரிபார்க்காமல் மலைக்குப் போகாதீர்கள். செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸில் விழுந்தால் டிரெய்லியர், சக்கரம் இரண்டும் போய்விடும்.

பிறகு கையில் பணம் சேர்ந்தால் முன்னால் 42-34-24 க்ராங்க், அதாவது மிதிக் கையோடு சேர்ந்த முன்பல் சக்கர செட், போடலாம். 24-க்கு 34 கிடைத்தால் ஒரு மிதிக்கு 1.45 மீட்டர்தான், அதே ஏற்றத்தில் நிமிடத்துக்கு 57 சுற்று. 48 பல் போய்விடுகிறதே என்று வருத்தம் வேண்டாம். 42-க்கு 14-லேயே நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 29 கிலோமீட்டர் வரும். மலை இறக்கத்தில் நீங்கள் மிதிக்கப்போவதும் இல்லை, அங்கே பிரேக்தான் முக்கியம். க்ராங்க் மாற்றும்போது முன் டிரெய்லியரையும் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும் என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மூன்று பல் சக்கரம் பழைய மாடல் என்கிறார்களே! முன்னால் ஒன்று, பின்னால் பத்து என்று மாற்றிவிட்டால் என்ன?
– வாசகர், குன்னூர்

பதில்: புது வண்டியாக வாங்கினால் நல்ல ஏற்பாடு. ஃப்ரீவீல் வண்டியில் அதைச் செய்ய ஹப்போடு சேர்த்துப் பின்சக்கரம், ஷிஃப்டர், டிரெய்லியர், கேசட், செயின், முன்பல் எல்லாமே மாற்ற வேண்டும். வண்டியின் விலையைத் தாண்டிவிடும். ஃப்ரீவீல் ஹப்பிலேயே நிறையப் பல் அடுக்குவதும் சரியில்லை; வலப்பக்க பேரிங் அச்சின் நுனியிலிருந்து மிகவும் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும். உங்கள் ஊர் ஏற்றத்துக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னப் பல் பொக்கிஷம். அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐயா, என் மகளின் 7 கியர் சைக்கிளில் கியர் போட்டால் உடனே விழுவதில்லை, தானாகவும் தாவுகிறது. டிரெய்லியர் மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, அதை மாற்றுவதற்கு முன் மூன்று பார்த்துவிடுங்கள். சைக்கிள் வலப்பக்கமாக விழுந்ததா? பின்னால் நின்று பார்த்தால் இரண்டு குட்டிச் சக்கரமும் பல் சக்கரத்துக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால், டிரெய்லியரைத் தாங்கும் காது வளைந்திருக்கிறது, நிமிர்த்திக்கொள்ளலாம்.

அடுத்து செயின். ஒரு இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். 12 இன்ச் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் சேர்ந்து தேய்ந்திருக்கும்.

கடைசியாகக் கேபிள். நான் பார்த்த வண்டிகளில் இந்தப் புகாருக்குக் காரணம் அதிகமாக இதுதான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வளைந்து போகும் கடைசித் துண்டு அவுட்டருக்குள், அதாவது ஒயரின் வெளி உறைக்குள், மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். ஒயரைக் கழற்றி அந்தத் துண்டுக்குள் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று பிடித்தால் அதுதான் வியாதி. ஒயரும் அவுட்டரும் சேர்ந்து டிரெய்லியர் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். கடையில் "கியர் அவுட்டர்" என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாக இருக்கும், இழுக்கும்போது அமுங்கும். அதைப் போட்டால் கியர் ஒருநாளும் சரியாக நிற்காது.